தப்பியோடியவனின் தௌபா

குற்றம் செய்த ஒருவன், அது நிகழ்ந்த மண்ணை விட்டு ஓடி, அயல்நாட்டில் நல்லவனாக வாழ்ந்தால் அவன் கணக்குத் தீர்ந்துவிடுமா? பேகம்பூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பெருநாவலைப் படித்து முடித்த நாள்முதல் இவ்வினா என்னை விடவில்லை.

நாவலின் பெயர் 'சாந்தாராம்'. எழுதியவர் ஆஸ்திரேலியரான கிரிகரி டேவிட் ராபர்ட்ஸ். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல் 900 பக்கங்களைக் கடந்தது. ஆசிரியரின் வாழ்வே கதைக்குக் கரு. ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையாகிக் கொள்ளையில் இறங்கிச் சிறைப்பட்ட அவர், 1980இல் பெண்ட்ரிட்ஜ் சிறையிலிருந்து தப்பிப் பின்னர் பம்பாய் வந்து சேர்ந்தார். அவரைப் போன்றே கதைத்தலைவன் லின்னும் குடிசைப் பகுதியில் குடியேறி, ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்கிறான். மராட்டியச் சிற்றூர்த் தாய் ஒருத்தி, அமைதியுடையவன் என்னும் பொருளில் அவனுக்குச் 'சாந்தாராம்' என்று பெயரிடுகிறாள். அதே லின், காதர்பாய் என்னும் ஆப்கானியத் தலைவனின் கள்ளக் கூட்டத்திலும் சேர்கிறான். நல்ல நோக்கத்துக்காகத் தவறான செயலையும் செய்யலாம் என்பது காதர்பாயின் தத்துவம்.

லின்னின் மருந்தால் காய்ச்சல் தணிந்த குழந்தையின் தாய், அவனுடைய பழைய வரலாற்றைக் கேட்பதில்லை. அந்நன்மை நன்மையே. ஊரை விட்டுச் செல்வதும் தன்னளவில் பிழையன்று. நூறு பேரைக் கொன்ற மனிதனைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய வரலாற்றை நாம் அறிவோம். நல்லோர் வாழும் ஊருக்குப் போகுமாறு அறிஞர் ஒருவர் வழிகாட்ட, அவன் புறப்பட்டு நடுவழியில் இறந்தான். அவ்வூருக்கு ஒரு சாண் நெருங்கியிருந்ததால் அருளுக்குரியவனானான். ஆயின், அவன் திருந்துவதற்காக நடந்தான். நம் கதைத்தலைவனோ பிடிபடாதிருக்க ஓடினான். இரண்டும் ஒன்றாகுமா?

தௌபாவுக்கு, பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்யேன் என உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றையும், பிறர் உரிமை பறிக்கப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தருதலை நான்காவதாகவும் இமாம் நவவி அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீனி'ல் கூறுகிறார்கள். கொன்றவனால் உயிரைத் திருப்பித் தர இயலாது. அக்கணக்கை இறைவனே அறிவான். திருப்பித் தர இயன்றவன் எவ்வாறு தப்புவது?

இதை நான் பிறருக்காக எழுதவில்லை. இளமையில் பெரியவர் ஒருவரிடம் தோல் வாணிகத்துக்கென ஒரு தொகை பெற்றேன். வாணிகம் நொடித்தது. அவர் முகத்தில் விழிக்க அஞ்சி வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டேன். அங்கே நோன்பு மாதந்தோறும் ஸதக்கா வழங்கினேன். ஊர்ப் பள்ளிவாசலுக்கு மின்விசிறிகள் அனுப்பினேன். அவருக்கு மட்டும் ஒரு மடலும் எழுதவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் பணத்துடன் திரும்பியபோது அவர் மௌத்தாகியிருந்தார். தொகையைப் பெற்றுக்கொண்ட அவர் மகன், "அத்தா உங்களைக் குறை சொன்னதே இல்லை, மாமா. உங்ககிட்ட இருந்து கடிதம் வந்துச்சான்னு மட்டும் கேப்பாங்க" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. யாருக்கு நன்மை செய்வது எளிதோ அவர்களுக்குச் செய்தேன். யாருக்குச் செய்யக் கடமைப்பட்டேனோ அவரைத் தவிர்த்தேன். காதர்பாயின் தத்துவம் என் உள்ளத்திலும் வேறு வேடத்தில் இருந்திருக்கிறது.

எங்கள் திண்டுக்கல் சீமை, தஞ்சம் புகுந்த வேறொருவரையும் கண்டதுண்டு. 1772இல் கணவரை இழந்த வேலுநாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் துணையை நாடினார். அவர்மீது குற்றம் ஏதுமில்லை. எனினும் அடைக்கலத்தோடு அமையாமல், 1780இல் சிவகங்கைக்கு மீண்டார். குற்றமற்றவருக்கே திரும்புதல் கடமையாகத் தோன்றியதெனில், குற்றமுடையோருக்கு?

ராபர்ட்ஸ் 1990இல் பிராங்பர்ட்டில் பிடிபட்டு, ஆஸ்திரேலியாவில் மீதித் தண்டனையை அனுபவித்தார். மீண்டும் தப்பும் வாய்ப்புக் கிடைத்தும், குடும்பத்தோடு இணைய விரும்பி அதைக் கைவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அது மெய்யாயின், பம்பாய்க் குடிசைகளில் செய்த மருத்துவத்தினும் அந்த ஒரு முடிவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நேயர்களே, நாவலைப் படியுங்கள். அதன் வீரச்செயல்களை ரசியுங்கள். அதற்குமுன், உங்கள் மடலை எதிர்பார்த்து எவரேனும் இருப்பின், அவர் உயிரோடிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.