பாவத்தில் லேத்துக்காரன் பங்கு

கத்தி அடித்துக் கொடுத்த கொல்லனுக்குக் கொலையில் பங்கு உண்டா? கேட்டால் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது தொழில் கேள்வி. என் வேலை முக்கால்வாசி பீங்கான் கம்பெனிகளுக்குத்தான். பக் மில் ஷாஃப்ட் தேய்ந்தால் கடைந்து தருவேன், ஜிக்கர் தலை சரிசெய்வேன், பியூஸ் கேரியர் அச்சுக்கு மெருகு போடுவேன். இதனால் எந்த உயிரும் போனதாகத் தெரியவில்லை.

வேப்பூர்ப் பக்கத்து மக்காச்சோள விவசாயி ஒருவர் உரச்சாக்கில் சுற்றி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அப்பா காலத்துப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ், ஒற்றைக் குழல், மலிவான சரக்கு. "அண்ணே, இது பன்னிய கீறி வுடுது, சாவ மாட்டேங்குது. வெளிநாட்டுல வூட்டுக் கொட்டாயிலயே பெரிய தோட்டாவுக்கு மாத்திக்கிறான். போன்ல காட்டுறேன் பாருங்க. கொழாய மட்டும் கடைஞ்சி குடுங்க, மத்தத நான் பாத்துக்குறேன்."

அவர் காட்டியது உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அவற்றை வாங்கி, தோட்டா உட்காரும் அறையைப் பெரிதாக்கி, மேக்னம் தோட்டா போடுவது பலருக்குப் பொழுதுபோக்கானது. மேக்னம் என்றால் பெரும்பாலும் அதே பருமனுள்ள குண்டுதான், பின்னால் மருந்து அதிகம், அழுத்தம் அதிகம்.

வந்தவர் முரடர் இல்லை. விளைந்த கதிரை ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போனால் யாருக்கும் கோபம் வரும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராதுகூடக் கட்டிவிட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் நியாயம் கேட்கும் முறை அது. குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதி, கொளஞ்சியப்பராக நிற்கும் முருகன் முன்னால் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு கிடைக்கும் என்று நம்பிக்கை. தீர்ந்தால் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எதிரி என்ற இடத்தில் காட்டுப்பன்றி என்று எழுதினாராம். தீர்ப்பு வரத் தாமதமானதால் என்னிடம் வந்திருக்கிறார்.

நான் தயங்குவதைப் பார்த்து அவர் இன்னொரு வாதம் வைத்தார். "சின்ன அடி வாங்கின பன்னி கரும்புக்குள்ள பூந்து நாலு நாளு துடிச்சி சாவுது. பெரிய தோட்டான்னா ஒரே அடி. பாவம் கொறைச்சல்தானே?" இதை லேசில் தள்ள முடியவில்லை. ஜீவகாருண்யத்தின் பெயரால் ஒருவர் அதிக மருந்து கேட்கிறார். மேலைநாட்டு வேட்டைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். குறி தவறாத கையில் இது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் மருந்து கூடினால் தோளில் விழும் உதையும் கூடும். உதைக்குப் பயந்து சுடுகிறவன் விசையை இழுக்கும் முன்னாலேயே வெடுக்கென்று அசைந்துவிடுவான், குண்டு தொடையில் படும். கரும்புக்குள் துடிக்கிற பன்றியின் எண்ணிக்கை குறையப்போவதில்லை.

அதோடு உலோகம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைபிள்களில் சில 1917-இல் சுடும்போதே சிதறின. ஆராய்ந்தபோது, உலையில் உருக்கைக் காய்ச்சியவர்கள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தது தெரியவந்தது. வெயில் வெளிச்சத்தில் பழுத்த இரும்பு மங்கலாகத் தெரியும், சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். உருக்கு கருகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் செய்தவற்றில் 8 லட்சத்துக்குக் கீழே வரிசை எண் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். சூளைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் பீங்கான் கம்பெனிக்காரர்கள் கண்ணை நம்பாமல் சூளைக்குள் கோன் என்னும் சிறு கூம்பை வைத்து அது வளைவதைப் பார்க்கிறார்கள். அகல் விளக்குக்கான செம்மண்ணைப் பீங்கான் வேகும் 1,250 டிகிரிக்கு ஏற்றினால் அது பீங்கான் ஆகாது, உப்பி உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் நாட்டிலேயே இந்த மாற்றத்தை முறையாகச் செய்திருக்கிறார்கள். 1962 சீனப் போருக்குப் பின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பழைய லீ-என்ஃபீல்ட் வடிவத்தை 7.62 தோட்டாவுக்கு மாற்றியது. வெறுமனே குழாயைக் கடையவில்லை. அழுத்தம் தாங்கும் வேறு உருக்கில் புதிதாகச் செய்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் துப்பாக்கியை வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சோதித்து முத்திரை குத்துவார்கள். சோதிப்பது நம்பிக்கைக் குறைவு இல்லை. எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னையே மணிமுத்தாற்றில் போடும் முன் சுந்தரர் மாதிரிக்கு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார், திருவாரூர்க் குளத்தில் எடுத்ததும் மாற்று உரைத்துப் பார்த்தார் என்று புராணம் சொல்கிறது. கடவுள் தந்த பொன்னுக்கே உரைகல் என்றால், எவனோ செய்த குழாய்க்கு என் கண்மட்டம் போதுமா?

சரி, குழாய் வெடிக்காது என்றே வைத்துக்கொள்வோம். பாவக் கணக்கு அப்போதும் பாக்கி இருக்கிறது.

வள்ளுவர் புலால் மறுத்தலில் பழியை வாங்குகிறவன் பக்கம் நகர்த்துகிறார். தின்கிறவன் இல்லையென்றால் விற்கிறவனும் இல்லை என்பது அவர் வாதம். அதே அதிகாரத்தில், ஆயுதம் ஏந்தியவன் நெஞ்சை, நல்லதை நினைக்காத நெஞ்சுக்கு உவமையாகவும் வைக்கிறார். புத்தர் விற்கிறவனைப் பிடிக்கிறார். இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களில் அவர் முதலில் சொல்வது ஆயுதம். உயிர், இறைச்சி, மது, நஞ்சு அதற்குப் பிறகுதான். சேக்கிழாரோ பின்னாளில் கண்ணப்பரான திண்ணனை வேட்டைக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே இல்லை. வேடன் வாயில் சுமந்து வந்த நீரும் மென்று பார்த்த இறைச்சியும் காளத்தியப்பருக்குப் பூசையாயின. சைவனான எனக்கு இது பெரிய ஆறுதல், ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. கண்ணப்பர் வில்லை யாரும் மேக்னம் ஆக்கச் சொல்லவில்லை.

மிக நுட்பமாக யோசித்தவர்கள் சமணர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. நம் தென்னார்க்காட்டிலும் இருப்பவர்கள், மேல்சித்தாமூரில் இன்றும் மடம் இருக்கிறது. அவர்கள் இம்சையை நாலாகப் பிரித்தார்கள். வேண்டுமென்றே கொல்வது, தற்காப்பில் நேர்வது, தொழிலில் நேர்வது, வீட்டு வேலையில் நேர்வது. இல்லறத்தான் முதலாவதை விட்டே ஆக வேண்டும், மற்றவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பயிரைக் காக்க நிற்கும் விவசாயிக்கு இதில் கொஞ்சம் இடம் கிடைத்துவிடுகிறது. எனக்குத்தான் கிடைக்கவில்லை. பயனில்லாத தீங்குகள் என்று அவர்கள் தனியாக ஒரு பட்டியல் வைத்தார்கள், அநர்த்த தண்டம் என்று பெயர். கொல்லும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பது அதில் ஒரு வகை. சமந்தபத்திரர் இதை விளக்கும்போது வாளோடு மண்வெட்டியையும் நெருப்பையும் சேர்த்துச் சொல்கிறார். மண்வெட்டியுமா என்று எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. அப்படிப் பார்த்தால் பட்டறைக்கே பூட்டுப் போட வேண்டும். பயனில்லாத என்பதை அழுத்திப் படித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. மண்வெட்டி வாங்குகிறவனுக்கு வரப்பு இருக்கிறது. தேவைக்கு மேல் ஏற்றிய மருந்துக்கு ஒரு வேலையும் இல்லை.

என் முடிவு இதுதான். பாவத்தில் பங்கு, தெரிந்த அளவுக்கு ஏறும். விவசாயிக்குப் பன்றி தெரியும், உருக்கு தெரியாது. துப்பாக்கி செய்த தொழிற்சாலைக்காரன் ஓர் அளவோடு செய்து, இதுக்கு மேல் தாங்காது என்று முத்திரையும் குத்தி அனுப்பினான். அந்த அளவை அழித்துக் கொடுக்கிறவன் நான், அழிக்கிறேன் என்று தெரிந்தே. பன்றி எழுதப் படிக்கக் கற்றுக் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டினால், எதிரி என்ற இடத்தில் முதல் பெயர் வேப்பூர்க்காரர் பெயராக இருக்காது.

சட்டமும் இந்த விஷயத்தில் சமணர்களோடுதான் நிற்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும் மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள். விவசாயியின் லைசென்ஸ் எனக்குக் குடை பிடிக்காது.

சாக்கைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம்தான். டீ சொன்னேன், குடிக்காமல் போய்விட்டார்.

பன்றிக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், விவசாயி சுடக் கூடாது. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடும் உண்டு. நடைமுறையில் அலைச்சல் என்று விவசாயிகள் சொல்வது எனக்குத் தெரியும். ஆகவே பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் லேத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயோடு யாராவது வந்தால் அதில் கைவைக்காதீர்கள். அந்த நேரத்தில் கடையை அரைநாள் சாத்திவிட்டு, அவரை வனச்சரக அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுங்கள். அடுத்தவர் வந்தால் நானும் அதைத்தான் செய்யப்போகிறேன்.