அனுசரித்துப் போவது எதுவரை?

வேலைக்குப் போகும் பிள்ளைக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் அறிவுரை, "அனுசரிச்சுப் போப்பா, நமக்கெதுக்கு வம்பு" என்பதுதான். பாதி சரி. யாருக்கு எந்த நாள் லீவு, வாட்ஸ்அப் குழுவில் யார் கோபமாகப் பதில் போட்டார்... இதற்கெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றால் வேலை ஓடாது. நேரில் போய், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசினாலே தீர்ந்துவிடும். எல்லா மோதலும் அந்த ரகமா?

பொறியியல் மாணவர்கள் நாங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு சம்பவம், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம். 1986 ஜனவரி 27 இரவு, நாசாவுக்கும் அதற்கு ராக்கெட் பூஸ்டர் செய்து கொடுத்த மோர்ட்டன் தியோகால் கம்பெனிக்கும் தொலைபேசியில் மீட்டிங். குளிரில் ரப்பர் வளையம் இறுகி, சூடான வாயு கசியும், நாளை ஏவ வேண்டாம் என்று ரோஜர் பொய்ஜொலியும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவே இல்லை. கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். கடைசியில் முடிவெடுத்தது நான்கு மேலாளர்கள். பொறியாளர்களிடம் வாக்குக்கூட கேட்கவில்லை. மறுநாள் ஓடம் கிளம்பிய 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

அந்த மோதல் தீரவில்லை, பதவியை வைத்து மூடப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

நம்ம இராமாயணத்தில் இராவணனிடம் "நீ செய்வது தவறு" என்று சொன்ன தம்பிகள் இரண்டு பேர். விபீஷணன் சொல்லிப் பார்த்து, அவமானப்பட்டு, வெளியேறினான். கும்பகர்ணனும் கண்டித்தான், ஆனால் அண்ணனுக்காகவே போரிட்டு இறந்தான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் உருகுவது கும்பகர்ணனுக்காகத்தான். எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனாலும் நாளை நான் ஒரு பாலம் வரைந்தால், சம்பளம் கொடுப்பவருக்குப் பட்ட கடன், அதில் நடக்கப்போகிறவர் உயிரைவிடப் பெரிதா? இல்லை என்றே நினைக்கிறேன்.

அதற்காக முதலாளியோடு கத்த வேண்டியதில்லை. "அவர் பொறுப்பில்லாதவர்" என்றால் சண்டை ஆளோடு. "இந்த பீம் இவ்வளவு பாரம் தாங்காது" என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தால், அதை யாரும் சரிபார்க்கலாம். பொய்ஜொலி 1985 ஜூலையிலேயே அப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். விபத்தை அது தடுக்கவில்லை. ஆனால் விசாரணைக் குழுவின் முன் அவர் கையில் அந்தத் தாள் இருந்தது.

அவருக்கு நல்லதே நடந்தது என்று எழுத ஆசைதான். சாட்சி சொன்ன பிறகு கூட வேலை செய்தவர்களே அவரை ஒதுக்கினார்கள். கம்பெனியை விட்டுப் போனார். பிறகு பல்கலைக்கழகங்களுக்குப் போய், எங்களைப் போன்ற மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.