முன் இருக்கை

அந்த விமானத்தில் மொத்தமே இரண்டு இருக்கைகள்தான், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. ஓட்டுபவர் பின்னால், பயணி முன்னால். முன் இருக்கையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக ஒரு சின்னத் தகடு திருகப்பட்டிருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர் அதைத் தொழிலாகச் செய்பவர் அல்ல, வழக்கமான விமானங்களுக்கான அரசின் பாதுகாப்பு விதிகள்படி இது அமைந்ததல்ல என்பதே அதிலுள்ள வாசகத்தின் சாரம். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானங்களில் பயணியின் கண்ணில் படும்படி இந்த எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். படித்துவிட்டு உட்கார்ந்ததாலேயே அந்த ஆபத்துக்கு நான் சம்மதித்துவிட்டதாக ஆகிவிடுமா? அன்று இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

விமானத்தைக் கட்டியவர், விஸ்கான்சினில் நான் வேலை பார்த்த ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர். லேத் பட்டறையில் காலம் முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் கட்டியது பீட்டன்போல் ஏர் கேம்பர். ஸ்ப்ரூஸ் மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. எஞ்சின் 1960களில் ஓடிய செவ்ரலே கார்வேர் என்ற காரிலிருந்து கழற்றியது. போனில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கார் எஞ்சினா? மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குன கதையால்ல இருக்கு" என்றாள்.

ஆனால் இது நேற்றைய பைத்தியக்காரத்தனம் இல்லை. ரைட் சகோதரர்கள் தங்களுக்கு வேண்டிய எடையில் எஞ்சின் கேட்டு மோட்டார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர்தான் ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஒரு எஞ்சினைச் செய்து கொடுத்தார். 1903-ல் பறந்தது அதுதான். 1929-ல் மின்னசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துத் தன் ஏர் கேம்பரைப் பறக்கவிட்டார். விமான எஞ்சின் வாங்க வசதியில்லாத விவசாயியும் மெக்கானிக்கும் பறக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இன்றும் காரணம் பெரும்பாலும் அதுவே. சான்றிதழ் பெற்ற புதிய விமான எஞ்சின் ஒன்றின் விலையில் ஒரு நல்ல காரே வாங்கிவிடலாம்.

பணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. தன் கையால் பிரித்துச் சேர்த்த ஒன்று தன்னைத் தரையிலிருந்து தூக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பது அவரைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

காருக்குச் செய்த எஞ்சினை அப்படியே தூக்கி விமானத்தில் மாட்டிவிட முடியாது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காருக்கு இருபது முப்பது குதிரைத்திறன் போதும். முழு பலத்தையும் அது எப்போதாவது, சில விநாடிகளுக்குத்தான் கேட்கும். விமானம் ஏறும்போது முழு பலத்தையும் கேட்கும். ஏறிய பிறகும் மணிக்கணக்கில் முக்கால்வாசி கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்தது கிராங்க் ஷாஃப்ட். காரில் அதன் முனையில் இருப்பது ஃப்ளைவீலும் கிளட்ச்சும். இங்கே புரொப்பெல்லர் அதைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. அதோடு, சுற்றுகிற பம்பரத்தின் அச்சைச் சாய்க்கப் பார்த்தால் அது முரண்டு பிடிக்கும் அல்லவா? விமானம் மூக்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லர் அப்படித்தான் முரண்டு பிடித்து கிராங்கை வளைக்கப் பார்க்கும். 2000களில் கார்வேர் எஞ்சினோடு பறந்த சில விமானங்களில் கிராங்க் உடைந்தது. அந்த எஞ்சினில் நான்கு முக்கிய பேரிங்குகள். அதற்குப் பிறகு பலர் புரொப்பெல்லர் பக்கம் ஐந்தாவதாக ஒரு பேரிங்கைச் சேர்த்தார்கள். இவரும் சேர்த்திருந்தார். காரில் காற்றடித்துக் குளிர்வித்த பெரிய விசிறியை எடுத்துவிட்டு, புரொப்பெல்லர் தள்ளும் காற்று சிலிண்டர்களுக்கு இடையே புகுந்து வரும்படி தகரத்தில் தடம் அமைத்திருந்தார். தீப்பொறிக்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். ஆனால் சிலிண்டருக்கு ஒரே ஒரு பிளக்தான், அதை அவரே காட்டினார். "இது போச்சுன்னா ஒரு சிலிண்டர் போச்சு. மத்த அஞ்சும் நம்மள வீட்டுக்குக் கொண்டுவரும்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

கார்வேர் என்ற பெயருக்குப் பின்னால் வேறொரு கதையும் உண்டு. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் அத்தியாயம் இந்தக் காரைப் பற்றியதுதான். வேகமாகத் திரும்பும்போது ஆரம்பகால மாடல்களின் பின்சக்கரங்கள் உள்நோக்கி மடங்கிக் கவிழ்த்துவிடக்கூடும், கம்பெனி செலவைப் பார்த்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. முன் டயருக்கும் பின் டயருக்கும் காற்றழுத்தம் நிறையவே வேறுபட்டிருக்க வேண்டும், அதன் முக்கியத்துவம் ஓட்டியவர்களில் பலருக்குத் தெரியாது. 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு அந்த நூல் முக்கியமான காரணம். 1972-ல் வந்த அரசு ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட கார்வேர் மோசமில்லை என்று சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அது எப்படியோ, நேடரின் கேள்வியின் அடிப்படை மாறவில்லை. கார் ஆபத்தானது என்பதைவிட, அந்த ஆபத்தை அறிந்தவர் ஒருவராகவும் சுமந்தவர் வேறொருவராகவும் இருந்தார்கள் என்பதுதான் பெரிய தவறு.

அதே காரின் எஞ்சினை வைத்துத் தனியாகப் பறக்கும் மனிதர் விஷயத்தில் இந்தத் தவறு இல்லை. அறிந்தவரும் சுமப்பவரும் ஒருவரே. ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு முறுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அவர் உயிர், அவர் முடிவு. அவரைத் தடுக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் நினைக்கிறது. சான்றிதழ் பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் கொண்ட வீட்டு விமானம் பொதுவாக முதல் 25 மணி நேரம் பயணி இல்லாமல் சோதனையாகப் பறக்க வேண்டும். கார் எஞ்சின் போன்றவை என்றால் 40 மணி நேரம். அதுவும் ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியின் மேலே.

சிக்கல் நாற்பத்தோராவது மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது முன் இருக்கையில் ஒருவர் வந்து உட்காரலாம்.

சான்றிதழ் பெற்ற எஞ்சின்களும் வானத்தில் நிற்பதுண்டு. சான்றிதழ் என்பது மந்திரத் தாயத்து இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் 150 மணி நேரத் தாங்குதிறன் சோதனை இருக்கிறது, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார் என்ற ஏற்பாடு இருக்கிறது. நமக்கு முகம் தெரியாத பலர் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கார் எஞ்சினை மாற்றிக் கட்டுபவர் மிச்சப்படுத்துவது பணத்தை. பதிலுக்கு அத்தனை பேருடைய பொறுப்பையும் தன் ஒருவர் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அந்தத் தகடு இதைப் பயணிக்குச் சொல்லத்தான் பார்க்கிறது. ஆனால் "விதிகள்படி இல்லை" என்பதிலிருந்து கிராங்க் எப்படி உடையும் என்று யாருக்குப் புரியும்?

அவருக்கு இது தெரிந்திருந்தது. என்னை ஏற்றுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுக்க எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துக் காட்டினார். கிராங்க் உடைந்த கதையைச் சொன்னதும் அவர்தான். ஓடுதளத்தில் நின்றபோது, "ஏறும்போது எஞ்சின் நின்னா நான் திரும்பி வரப் பாக்க மாட்டேன். நேரா அந்த சோயா வயல்லதான் எறக்குவேன். சோளம் உயரம், சோயா குட்டை" என்றார். கடைசியாக, "வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

சொல்லவில்லை. மனைவி வேண்டாம் என்பாள் என்று தெரியும். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. பறந்தோம். இருபது நிமிடம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

சில மாதங்கள் கழித்து ஒரு போட்டோவிலிருந்து மனைவிக்குத் தெரிந்தது. சத்தம் போடவில்லை. தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள், சொன்னேன். "நீ படிச்சே, சரி. நானும் பாப்பாவும் படிக்கலையே" என்றாள்.

நான் நேடரின் பக்கம் நின்று நியாயம் பேசுகிறவன். ஆனால் அந்த மதியம் ஆபத்தை அறிந்தவன் நான், அறியாமல் அதில் பங்கு சுமந்தவர்கள் அவர்கள். கார் கம்பெனிக்காவது லாபம் என்ற காரணம் இருந்தது. எனக்கு ஒரு சங்கடமான பேச்சைத் தவிர்ப்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மத்தது எல்லாத்தையும் நானே தொட்டுப் பாத்தேன். அது ஒண்ணை மட்டும் உன் வாயை நம்பி விட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

கண் பார்வை மங்கியதும் அவர் விமானத்தை விற்க வேண்டி வந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2011-ல் விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டியவரிடமிருந்து வேறொருவர் வாங்கியவை. கட்டியவருக்கு அந்த விமானத்தை ஆண்டுதோறும் சோதித்துச் சான்றளிக்கும் உரிமை தரப்படும். விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. பொருள் கைமாறும், அதைப் பற்றிய அறிவு கைமாறாது. அதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

வெளி மாநிலத்திலிருந்து ஒருவர் போனில் நல்ல விலை சொன்னார். இவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு வாரம் இங்கே வந்து தங்கி, என்னோடு சேர்ந்து எஞ்சினைப் பிரித்து மாட்ட வேண்டும். அவர் வரவில்லை. அடுத்து வந்தவருக்கும் அவ்வளவு நேரம் இல்லை. கடைசியில் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு, மரமும் துணியும் மட்டும் பாதி விலைக்குப் போயின. எஞ்சின் கொட்டகையில் ஸ்டாண்டில் நின்றது. துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவிடுவார்.

கார் எஞ்சினோடு யாரும் பறக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தவர்களில் மிகக் கவனமான மனிதர் அப்படிப் பறந்தவர்தான். நம் ஆபத்து நம்முடையது என்று சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், அது நம்மோடு நின்றுவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம், நான் ஏதாவது கொஞ்சம் துணிச்சலான காரியத்துக்குக் கிளம்பினால், வாசலில் செருப்பு மாட்டும்போதே மனைவி கேட்டுவிடுகிறாள்: "தகட்டுல என்ன எழுதியிருக்கு?" நின்று, முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இரண்டு முறை போகாமலும் இருந்திருக்கிறேன்.