மூன்றாமவள்

எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு இருக்கும் கண்டிப்பு வேறு எந்த வேலைக்கும் கிடையாது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பழைய புடவையைத் தொங்கவிட்டு வீடு கட்டிவிட்டால், உள்ளே போக வாசல் ஒன்றுதான். பக்கவாட்டில் கையை நீட்டி எதையும் எடுக்கக் கூடாது, அங்கே சுவர் இருக்கிறது. செருப்பை வெளியே விட வேண்டும். வந்தவர் காபி குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு ஐந்து. பல் தேய்க்கவும் புத்தகப் பையை அடுக்கவும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய இதே பிள்ளைகள், தாங்களே போட்டுக்கொண்ட விதிகளில் ஒன்றைக்கூட மீறுவதில்லை.

ருஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். கற்பனை விளையாட்டு எதுவானாலும் அதற்குள் விதி உண்டு என்பது அதில் அவர் வலியுறுத்திய கருத்துகளில் ஒன்று. அதற்கு ஜேம்ஸ் சல்லி என்ற ஆங்கிலேய அறிஞர் பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். ஏழு வயது அக்காவும் ஐந்து வயது தங்கையும் அக்கா தங்கை விளையாட்டு விளையாடத் தீர்மானிக்கிறார்கள். ஏற்கெனவே அக்கா தங்கையாக இருப்பவர்கள்! மற்ற நேரங்களில் அந்த உறவு அவர்கள் நினைப்பிலேயே இருப்பதில்லை. விளையாட்டு தொடங்கியதும் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள், கைகோத்து நடக்கிறார்கள், எது தங்களுடையது, எது பிறருடையது என்று அக்கா தங்கைக்குச் சொல்லித் தருகிறாள். வாழ்க்கையில் தானாக நடந்துவிடுவதை விளையாட்டில் கவனித்துச் செய்யவேண்டியிருக்கிறது.

இதை முதலில் படித்தபோது வயதுகளின் பொருத்தம்தான் என்னை நிறுத்தியது. பிறகு பெரியவள் 'அம்மாவாக' நடிப்பதை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினேன். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ரசத்தை விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மேலே உயர்த்தி ஒரு நொடி நிற்கிறாள். உப்பு பார்க்கும்போது நான் கூரையைப் பார்ப்பேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கற்பனையில் மிதக்கும் பிள்ளைகளுக்கு நடப்பது எதுவும் கண்ணில் படாது என்பார்கள். நான் கண்டது வேறு. நடிக்கவேண்டுமே என்றுதான் அவள் இவ்வளவு உற்றுப் பார்க்கிறாள்.

*

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் இன்னொரு பெண் வசிக்கிறாள். பெயர் கிடையாது, 'பாப்பா' என்பார்கள். பாகற்காய் சாப்பிடுவாள், பால் குடிக்க மாட்டாள். மின்சாரம் போனால் பயப்படுவாள், அதனால் இவர்கள் இருவரும் பயப்பட முடியாது. அவள் எப்போதும் சின்னவளைவிட ஒரு வயது இளையவள். சின்னவளுக்குப் பிறந்தநாள் வந்தால் அவளுக்கும் ஒரு வயது கூடும். பிறந்த நாள் முதல் தங்கையாகவே இருந்தவளுக்கு, 'மெதுவா நட, விழுந்துடுவ' என்று சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது போலும்.

உறவினர் சிலர் இதைக் கேட்டுக் கவலைப்பட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விவரம் இருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் இத்தகைய கண்ணுக்குத் தெரியாத தோழர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். 2004இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏறக்குறைய 65 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அப்படியொரு துணை இருந்திருக்கிறது. இல்லாத ஒருத்தியை இருப்பதாக நம்பி ஏமாறுவது அல்ல இது. கேள்வி கேட்கும் ஆய்வாளரிடமே, இது பாவனைதான் என்று பல பிள்ளைகள் பரிவோடு நினைவூட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் அந்தப் பரிவு கிடைத்தது. ஒரு நாள் இட்லி தட்டில் பாப்பாவுக்கும் ஒன்று எடுத்து வைத்தேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜ இட்லி வேணாம்மா. வீணாப்போயிடும்."

*

நாங்கள் இருக்கும் மயிலாப்பூரிலிருந்து ஆற்றைக் கடந்தால் அடையாறு. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அங்குள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தேவதைக் கதைகள் ஏற்றவை அல்ல என்று கருதியவர் அவர். நிஜ உலகத்தைத் தொட்டு, தூக்கி, துடைத்துக் கற்கவேண்டிய வயது அது என்பது அவர் எண்ணம். அதில் பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மாட வீதியில் வாங்கிய மரச் சொப்பு மூலையில் கிடக்க, இவர்கள் நிஜ முறத்தைக் கேட்கிறார்கள், நிஜத் தோசை மாவைக் கரைக்கிறார்கள், நிஜ விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுகிறார்கள். ஆனால் பெருக்குகிறவள் அந்த நேரம் ஒரு கப்பலின் தலைவியாகவும் இருக்கிறாள், மேல்தளம் முழுக்க உப்புத் தண்ணீர். அதனால் தரை குறைவாகச் சுத்தமாவதில்லை.

*

மாசியில் என் மாமனார் இறந்தார். வீட்டில்தான் கிடத்தியிருந்தோம். பிள்ளைகளை வேறெங்காவது அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், அனுப்பவில்லை. ஐஸ் பெட்டியையும், தலைமாட்டில் எரிந்த விளக்கையும், அழுதுகொண்டே வந்தவர்கள் காபி குடித்துப் பேசிக்கொண்டிருந்ததையும் இருவரும் பார்த்தார்கள்.

காரியம் முடிந்து உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மதியம், மேஜைக்கு அடியில் 'தாத்தா செத்துப்போற விளையாட்டு' தொடங்கியது. சின்னவள் தாத்தாவாகக் கண்ணை மூடிக் கைகளைச் சேர்த்து வைத்துப் படுத்துக்கொண்டாள். பெரியவள் துண்டால் அவள் தாடையைக் கட்டி, காலடியில் நின்று, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். அத்தை ஒருவர் பதறிவிட்டார். "என்னடி அபசகுனம் இது, நிறுத்துங்க" என்று குனிந்தவரை என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய அப்பா. தரையில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

சிறிது நேரத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்து, "காபி" என்றது.

"செத்துப்போனவங்க காபி கேக்க மாட்டாங்க" என்றாள் பெரியவள்.

"விளையாட்டுல கேக்கலாம்."

இதை இருவரும் வெகுநேரம் விவாதித்தார்கள். கேட்டால் பிறகு திரும்பப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவள். எத்தனை தரம் கேட்கலாம் என்று சின்னவள். கடைசியில் ஒரே ஒரு தரம், அதுவும் சர்க்கரை இல்லாமல் என்று முடிவானது. தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் என்பதை விளையாட்டிலும் அவர்கள் விடவில்லை. சொப்பு டம்ளரில் காபி ஆற்றி வந்தது. குடித்தவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த டம்ளர் அப்பாவின் கைக்கு வந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகும் அழாத மனிதர், காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிள்ளைகள் பயப்படவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் அழுவது அவர்கள் விதிக்குள் அடங்கியதுதான்.

மரணம் எது, அதிலிருந்து என்ன திரும்பி வராது என்பதை அவர்களுக்கு விளக்க நான் சொற்கள் தேடிக்கொண்டிருந்தேன். அவர்களே அதற்குள் போய், எவ்வளவு தூரம் மீற முடியும் என்று பேரம் பேசி, ஒரு டம்ளர் காபி அளவுக்குத்தான் முடியும் என்று கண்டுகொண்டு வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை அவர்கள் ஆடவில்லை.

*

நற்றிணையின் 172ஆம் பாடல் இந்த நாட்களில் அடிக்கடி மனத்துக்குள் வருகிறது. பாடியவர் பெயர் தெரியவில்லை. தோழிகளோடு விளையாடும் சிறுமி வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவைத்து மறந்துவிடுகிறாள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா சொல்கிறாள், இந்தப் புன்னை உன்னைவிடச் சிறந்தது, உனக்குத் தங்கை இது. ஆண்டுகள் கழித்து, மரம் நிழல் பரப்பி நிற்கும்போது, அதன் அடியில் தலைவனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. தங்கை பார்க்கிறாளே.

பள்ளியில் படித்தபோது அந்த வெட்கத்தின் அழகு மட்டுமே எனக்குத் தெரிந்தது. இப்போது என் கண் அம்மாவின் மேல் நிற்கிறது. அந்த வீட்டின் பெரிய கற்பனைக்காரி அவள்தான். விதையைப் புதைத்து மறந்தது பிள்ளை, அதை உறவாக்கியது அம்மாவின் ஒரு வாக்கியம். வேலைக்கு நடுவே சொல்லியிருப்பாள், அடுத்த நிமிடம் உலையைப் பார்க்கப் போயிருப்பாள். மகளோ அதைக் கீழே போடவே இல்லை. அவள் பருவமடைந்து, காதலித்து, ஒளிவிடம் தேடும் நாளில் அந்தச் சொல் அங்கே மரமாக நிற்கிறது.

கபாலீஸ்வரர் கோயிலின் தலமரமும் புன்னைதான். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டினேன். அம்மன் மயிலாக வந்து புன்னையடியில் பூசை செய்த கதையைச் சொன்னேன். மயிலாக இருந்தபோது, தான் அம்மன் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று பெரியவள் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை. நற்றிணைக் கதையையும் சொன்னேன். சின்னவள் நேராகப் பார்த்து, "பாப்பா மாதிரியா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவர்கள் விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்கப்படும்போது மட்டும் பேசுவது என் வழக்கம். கேட்கப்பட்டால் யோசித்துப் பேசுகிறேன். பாப்பாவைச் சாக்காக வைத்து, பாப்பா பார் எவ்வளவு சமர்த்து, உன்னைப்போல அடம் பிடிப்பதில்லை என்று சொல்வது எளிது. சொன்னால் அன்றைய சாப்பாடு சீக்கிரம் முடியும். ஆனால் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தங்கை அதற்குப் பிறகு இவர்களை வேவு பார்க்கிறவள் ஆகிவிடுவாள். அவர்கள் உண்டாக்கிய உறவின் மேல் நான் வைக்கும் சொல் எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

*

ஜூனில் பள்ளி திறக்கும்போது பாப்பாவையும் சேர்க்கவேண்டும் என்று தீர்மானமாகியிருக்கிறது. பெரியவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு விண்ணப்பப் படிவம் தயாரித்தாள். பெயர் என்ற கட்டம் காலி. பிறந்த தேதியில் இருவருக்கும் தகராறு. ரத்த வகை ஒத்துக்கொள்ளப்பட்டது. பெற்றோர் கையொப்பம் என்ற இடம் வந்ததும் என்னிடம் கொண்டுவந்தார்கள். பென்சில் கூடாதாம், பேனாதான் வேண்டுமாம்.

பள்ளி டைரியில் போடுவதைப் போலவே முழுக் கையெழுத்தாகப் போட்டேன். சின்னவள் அக்காவின் டைரியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று அக்காவிடம் சொன்னாள்.

"அப்பா கட்டம் இன்னும் காலியா இருக்கு" என்றாள் பெரியவள். "எட்டு மணிக்கு வந்ததும் மறக்காம வாங்கிடணும்."