நோக்கமும் விளைவும்

சுவிற்சர்லாந்து என்றதும் கைக்கடிகாரமும் பாற்கட்டியும் வங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டில் பிறந்து, நம் நாட்டுக் குடிசைகளின் உட்சுவர்வரை வந்து படிந்த ஒரு பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி. அதன் வரலாறு நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. நன்மை செய்யும் நோக்கமின்றி ஒருவர் தேடிய பொருளால் உலகுக்கு நன்மை விளைந்தால், அந்நன்மைக்கு உரியவர் யார்?

பாசல் நகரில் சாயப்பொருள் செய்து பெயர்பெற்ற கைகி கம்பனியில் இரசாயன அறிஞராக இருந்தவர் போல் முல்லர். பயிரையும் துணியையும் அரிக்கும் பூச்சிகளைக் கொல்ல மருந்தொன்றைக் கண்டால் அது சந்தையில் விலைபோகும். கம்பனி அவரிடம் எதிர்பார்த்தது அவ்வளவே. நான்காண்டுகளில் 300க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் சோதித்துச் சலித்தார். 1939இல் கண்ணாடிக் கூட்டினுள் ஈக்களை விட்டு அவர் தெளித்த ஒரு பொருள் வியப்பான குணமொன்றைக் காட்டியது. கூட்டைக் கழுவித் துடைத்த பின்னரும், அதன் சுவரைத் தொட்ட புதிய ஈக்கள் மடிந்தன. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே பொருளை 1874ஆம் ஆண்டிலேயே ஒத்மார் சைட்லர் என்ற மாணவர் தயாரித்திருந்தார். அது எதற்குப் பயன்படும் என்று எவரும் கேட்காததால், அறுபத்தைந்து ஆண்டுகள் அது ஏட்டிலேயே உறங்கியது.

ஏட்டில் அது உறங்கிய காலத்தில் இலங்கையில் நிகழ்ந்ததையும் நாம் சொல்லவேண்டும். 1934இல் மழை பொய்த்தது; ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின; குட்டைகளில் நுளம்பு பெருகியது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் மலேரியாவால் மாண்டோர் ஏறக்குறைய 80,000 பேர். நிவாரணத்துக்காகக் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் நுளம்பை மட்டுமா கண்டார்கள்? உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்கனவே பசித்துக் கிடந்த உடல்களையும் கண்டார்கள். கொயினா கொடுத்தாலும் அதைத் தாங்க அவ்வுடல்களில் வலுவில்லை.

போர்க்காலத்தில் படையினரைக் காத்த டி.டி.ரி. போர் முடிந்ததும் இங்கு வந்தது. மனிதனைக் கடித்த நுளம்பு சுவரில் தங்கி இளைப்பாறும்; சுவரில் மருந்திருந்தால் அதுவே அதன் முடிவு. முல்லரின் கண்ணாடிக் கூடு இவ்வாறு நம் மண்வீடாயிற்று. ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த நமது மரணவிகிதம் 1946க்கும் 1947க்கும் இடையில் ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. 1948இல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் மலேரியா அரிதாக இருந்த பகுதிகளிலும் மரணம் குறைந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். பெருகிய ஆஸ்பத்திரிகளுக்கும் பங்கீட்டு அரிசிக்கும் அதில் பங்கில்லை என்று எவர் கூறமுடியும்?

நோக்கத்தைக் கொண்டே செயலை மதிக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். விளைவே அளவுகோல் என்பர் மற்றொரு சாரார். முதலாமவர் சொற்படி பார்த்தால், இலாபம் தேடிய கம்பனிக்குப் புகழ் இல்லை. இரண்டாமவர் சொற்படி பார்த்தால், புகழோடு பழியையும் அது ஏற்கவேண்டும். வயல்களில் அளவின்றிக் கொட்டப்பட்ட அதே பொருள் மண்ணிலும் நீரிலும் தங்கிப் பறவைகளின் இனப்பெருக்கத்தைக் குலைத்தது. அதை 1962இல் ராச்செல் கார்சன் உலகறிய எழுதினார். 1972இல் அமெரிக்கா தன் பயிர்நிலங்களில் அதைத் தடைசெய்தது. எதிர்பாராத நன்மைக்குப் பரிசு பெறலாம், எதிர்பாராத தீமைக்குப் பொறுப்பில்லை என்பது வணிகரின் கணக்கு. அதை அறம் என்று நம்மால் ஒப்புக்கொள்ள இயலாது.

இவ்விரு அளவுகோல்களும் தனிமனிதனுக்காகச் செய்யப்பட்டவை என்பதே நம் கருத்து. முல்லரின் மேசைக்கும் குடிசையின் சுவருக்கும் இடையே ஒரு சமுதாயமே நிற்கிறது. எதை வாங்குவது, எங்கே தெளிப்பது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது அதுதான். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பை நிறுத்தினோம், விழிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இரத்தினக்கல் தேடிக் காடுகளில் குழிதோண்டியவர்கள் நுளம்புக்குக் குட்டைகளையும், நோய்க்குப் புதிய வழிகளையும் சேர்த்தே தோண்டினார்கள். நுளம்புகளோ மருந்துக்குப் பழகிவிட்டன. 1970களில் வேறு மருந்தை நாடவேண்டியதாயிற்று. முல்லர் 1965இலேயே காலமாகிவிட்டார். இந்தத் தோல்வியை அவர் தலையில் எவரும் சுமத்தவில்லை.

பிறகு நடந்ததற்கு எந்தப் பரிசும் அறிவிக்கப்படவில்லை. கிராமந்தோறும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், வலைகள் வழங்கினார்கள், யுத்தம் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்கூட மருந்து தெளிப்பவர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். இந்நாட்டில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012இல் பதிவானார். 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வெளிநாடு சென்று காய்ச்சலோடு திரும்புவோரின் இரத்தத்தைச் சோதிக்கும் வேலை இன்றும் நிற்கவில்லை.