மஞ்சள் துணியில் முடிந்த கடன்

மார்கழி முடியப் போகிறது. போகிக்காகப் பரணைச் சுத்தம் செய்கிறீர்கள். பித்தளைக் கூஜா, பிள்ளை ஓட்டிய நடைவண்டி, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது. பெட்டியைத் திறந்தால் மாமியாரின் பழைய பட்டுப்புடவை. அதன் மடிப்புக்குள் சாயம் வெளுத்த மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால், ஒரு ரூபாய் நாணயம் ஒன்று, 25 பைசா நாணயம் ஒன்று!

ஒன்றேகால் ரூபாய்... பார்த்தவுடனேயே புரிந்துவிடும். எந்தத் தெய்வத்துக்கோ, யாருக்காகவோ வேண்டிக்கொண்டு முடிந்துவைத்த காணிக்கை அது. முடிந்தவர் இன்று இல்லை. உடனே நெஞ்சு படபடக்கும். 'இத்தனை வருஷம் செலுத்தாமல் இருந்துவிட்டோமே! வீட்டில் வந்த கஷ்டத்துக்கெல்லாம் இதுதான் காரணமோ?'

அன்புச் சகோதரிகளே, பயப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம். இன்னொருவர் நேர்ந்துகொண்டது நம்மைக் கட்டுப்படுத்துமா? மறந்துபோன வேண்டுதலுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா?

அந்த 25 பைசா, 2011 ஜூன் 30 முதல் செல்லாத காசாகிவிட்டது. காசு செல்லாது என்றால் வேண்டுதலும் செல்லாதா? நம் தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். காசுக்கு அரசாங்கம் நாள் குறிக்கலாம். மனிதரின் நாணயத்துக்கு யார் நாள் குறிப்பது?

பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்க்கச் சொல்லும் வாசகத்தைப் போகியன்று எல்லோரும் சொல்வோம். அது பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் வருவது. நன்னூல் இலக்கண நூல். காலத்தால் சில சொற்கள் வழக்கிலிருந்து போவதும் புதியவை வருவதும் குற்றமல்ல என்பதே அங்கே அதற்குப் பொருள். வழக்கொழிந்த சொல் போகட்டும். தெய்வத்திடம் கொடுத்த சொல்லை அப்படி விட்டுவிட முடியுமா?

கைகேயி மறந்த வரம்

ராமாயணத்தை நினைத்துப் பாருங்கள். தேவாசுர யுத்தத்தில் தன்னைக் காப்பாற்றிய கைகேயிக்குத் தசரதர் இரண்டு வரங்கள் கொடுத்தார். பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்றவள், அதை மறந்தே போனாள். வருடங்கள் கழித்து மந்தரைதான் நினைவூட்டினாள். மறந்துவிட்டதால் அந்த வாக்கு காலாவதியாகவில்லை. அதைக் கொடுத்தவர் தசரதர்; நிறைவேற்றக் காட்டுக்குப் போனவன் ராமன். 'நானா சொன்னேன்?' என்று அவன் கேட்கவில்லை. தந்தையின் சொல்லைத் தன் சொல்லாக ஏற்றுக்கொண்டான்.

அப்படியானால் செலுத்தாத குடும்பத்தைத் தெய்வம் தண்டிக்குமா? திருமலையில் சொல்லப்படும் புராணத்தை அறிவீர்கள். பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் பெருமாளே குபேரனிடம் கடன் வாங்கினார். இன்றும் வட்டி கட்டுகிறார் என்பார்கள். கடன்பட்டவரின் கஷ்டம் அறிந்த சாமி, ஒன்றேகால் ரூபாய்க்காக ஒரு குடும்பத்தை வதைப்பாரா?

சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள், பக்தர்களின் நலனுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், துள்ளுமாவு போன்றவைதான். பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கும் தாய், பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட இன்னொரு தாயின் மறதியைப் பொறுக்க மாட்டாளா?

எனவே அந்த முடிச்சைப் பயத்தின் கண்ணால் பார்க்காதீர்கள். ஓர் இரவு யாருக்கோ ஜுரம் கொதித்திருக்கும். டாக்டர் கைவிரித்திருப்பார். கையில் வேறு வழியில்லாத ஒரு தாய், மஞ்சளில் துணியை நனைத்து, சில்லறையை வைத்து, அழுதுகொண்டே முடிந்திருப்பாள். அந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்து, இன்று தலை நரைத்து, உங்கள் வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். தனக்காக ஒருத்தி இப்படி அழுதாள் என்பதே அவருக்குத் தெரியாது. செலுத்தவேண்டிய கடன் தெய்வத்துக்கு மட்டும் அல்ல. அவளுக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எல்லா நேர்த்தியையும் அப்படியே சுமக்கவேண்டும் என்பதில்லை. 'என் பேரன் அலகு குத்திக்கொள்வான்', 'என் மகள் தீ மிதிப்பாள்' என்று பெரியவர்கள் வேண்டியிருக்கலாம். அடுத்தவர் உடம்பை நாம் நேர்ந்துவிட முடியுமா? அவர்கள் மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நன்றியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கலாம், வலியைக் கொடுக்கவேண்டாம். பால்குடமோ, மாவிளக்கோ, ஓர் அர்ச்சனையோ போதும். பெரிய தொகைக்குப் பரிகாரம் சொல்பவர்களிடமும் போகவேண்டாம்.

பிறகு என்ன செய்வது? முதலில் குடும்பத்தின் மூத்தவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஊரில் இருக்கும் பெரிய நாத்தனாருக்கோ, சின்ன மாமியாருக்கோ நினைவிருக்கும். அவர்களும் மறப்பதற்குள் கேட்டுவிடுங்கள். தெய்வம் எது என்று தெரிந்தால் அங்கேயே செலுத்துங்கள். தெரியாவிட்டால் குலதெய்வத்தின் சந்நிதியில் விவரத்தைச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். உண்டியலில் செல்லும் காசையே போடுங்கள். நமக்கு உதவாததைச் சாமிக்குக் கொடுப்பது காணிக்கை ஆகாது. அந்த 25 பைசா பூஜையறையில் இருக்கட்டும். யாருக்காக முடிந்தார்களோ, அவரையும் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

உங்கள் பூஜையறையிலும் இப்போது ஒரு மஞ்சள் முடிச்சு இருக்கிறதா? எந்தத் தெய்வத்துக்கு, யாருக்காக, என்றைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இன்றே அதோடு சேர்த்து வையுங்கள். நாளை உங்கள் மருமகள் பரணைச் சுத்தம் செய்யும்போது, அவளுக்குப் பயம் வராது. நீங்கள் யாருக்காக வேண்டிக்கொண்டீர்கள் என்று தெரிந்துகொள்வாள்.