எது பொறுமை?



வேதாகமக் கல்லூரியில் ‘ஹுப்பொமொனே’ என்ற கிரேக்கச் சொல்லைப் படித்தேன். பாரத்தின் கீழே நிலைத்திருப்பது என்று பொருள். நம் தமிழ் வேதாகமத்தில் அது ‘பொறுமை’. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அர்த்தம் விளங்கியது ஆலங்குளத்தில்தான்.

பட்டாசு வேலைக்குப் போகும் சகோதரி ஒருவர், “ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கணும், ஏழு பேரை உக்கார வைக்காங்க ஐயா” என்று அழுதார். “பொறுத்துக்கோம்மா, கர்த்தர் பாத்துக்குவார்” என்று ஜெபித்து அனுப்பிவிட்டேன்.

இரவு தூக்கமில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டது கண்முன் நின்றது. எழுந்து அப்போஸ்தலர் 16-ஐத் திறந்தேன். பிலிப்பியில் அடிபட்ட பவுல், சிறையிலே கர்த்தரைத் துதித்துப் பாடினார். விடிந்ததும் இரகசியமாய் அனுப்பப் பார்த்தார்கள். அவரோ போக மறுத்து, நடந்த அநியாயத்தை எடுத்துச் சொன்னார். பாடினவரும் அவரே, கேட்டவரும் அவரே!

காலையில் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். “இனி அந்த ரூமுல உக்காராதம்மா. போர்மேன்கிட்ட நானும் வந்து பேசுறேன். கூலி போனா போகட்டும், அரிசி சபை தரும்” என்றேன்.

பிரியமானவர்களே, பாடுகளிலும் விசுவாசத்தை விடாதிருப்பதே பொறுமை. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் வாய்மூடியிருப்பது பொறுமையல்ல, பயம். கர்த்தர் நமக்குப் பெலன் தருவாராக. ஆமென்!